வெள்ளியா, தாமிரமா, பாலிமரா: வளையும் தாளில் மின்சுற்று அச்சடிக்க எந்த மை?

வளையும் தாளில் இங்க்ஜெட் முறையில் மின்சுற்று அச்சடிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எந்த மை நல்லது?" நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். விவரத்தாளில் மிகக் குறைந்த தடைஎண் (பொருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) போட்டிருந்த, வெள்ளி நானோ துகள்கள் கலந்த மையை வாங்கினேன். அந்த எண், அச்சடித்த கோட்டை 200 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் கிடைக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கையில் இருந்தது சாதாரண பெட் (PET) தாள், அதாவது பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள். 120 டிகிரியில் சுட்டேன். கோடுகள் பழுப்பாகவே நின்றன, மல்டிமீட்டர் மெகா ஓம் கணக்கில் தடை காட்டியது. சூட்டை ஏற்றினேன். கோடு வெளுத்துப் பளபளக்கத் தொடங்கிய நேரத்தில் தாளின் ஓரங்கள் காய்ந்த ஓலை போலச் சுருண்டுவிட்டன.

மையைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். தாள் எவ்வளவு சூடு தாங்கும், கோட்டில் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்ற இரண்டு விடைகளும் கையில் இருந்தால், சந்தையில் இருக்கும் மைகளில் பாதிக்கு மேல் தானாகவே விலகிவிடும். அந்த வரிசையிலேயே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தாள்

பெட் தாள் ஒளி ஊடுருவும், எளிதில் கிடைக்கும். ஆனால் 70 முதல் 80 டிகிரியிலேயே அதன் பாலிமர் சங்கிலிகள் இளகத் தொடங்கிவிடும். முன்கூட்டியே வெப்பத்தில் பதப்படுத்திய ரகம் என்றால் 150 டிகிரி வரை சமாளிக்கலாம். பென் (PEN) என்ற இன்னொரு பாலியெஸ்டர் தாளுக்கு இளகும் எல்லை 120 டிகிரி அளவில் இருக்கிறது, அதனால் அது இன்னும் கொஞ்சம் மேலே போகும். பாலியிமைடு தாள் 300 டிகிரியையும் அசராமல் தாங்கும். காப்டன் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த அந்த மஞ்சள் தாள் இதுதான். நிறம்தான் அதன் குறை. பின்னால் இருப்பது தெரிய வேண்டும் என்றால் அது ஒத்துவராது.

தாள் உருகுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. உருகுவதற்கு வெகுமுன்பே அது சுருங்கும். 100 மில்லிமீட்டர் தாள் வெறும் 0.1 சதவீதம் சுருங்கினாலும் ஒரு முனையில் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகல் வந்துவிடும். இங்க்ஜெட் கோட்டின் அகலமே பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான்தான். ஒரே ஒரு அடுக்கு அச்சடிப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. முதல் அடுக்கைச் சுட்டுவிட்டு அதன் மேல் மின்காப்பு அடுக்கும், அதற்கு மேல் இன்னொரு உலோக அடுக்கும் போடுகிறவருக்கு இதுவே எல்லாமும் கெடும் இடம். அச்சடிக்கும் முன்பே வெறும் தாளை, பின்னால் சுடப்போகும் அதே வெப்பநிலையில் ஒருமுறை ஓவனில் வைத்து எடுத்துவிட்டால் சுருங்க வேண்டியது பெரும்பாலும் அப்போதே சுருங்கி முடித்துவிடும். ஒரு மணி நேர வேலைதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இங்க்ஜெட் எவ்வளவு மெல்லிய அடுக்கைத் தருகிறது?

மைகளை ஒப்பிடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். விவரத்தாள்கள் இதைச் சொல்வதில்லை.

ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் டைமேட்டிக்ஸ் பிரிண்டரின் கார்ட்ரிட்ஜ் ஒன்று 10 பிகோலிட்டர் துளிகளைப் போடும் (பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அப்படி ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 27 மைக்ரான். துளிகளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் 20 மைக்ரான் இடைவெளியில் போட்டால், காயாத மையின் உயரம் 25 மைக்ரான். மையில் எடைக்கணக்கில் 20 சதவீதம் வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அதிகம்தான். ஆனால் வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போல 10.5 மடங்கு, கன அளவில் பார்த்தால் அது 2.3 சதவீதம்தான். கரைப்பான் எல்லாம் போன பிறகு மிஞ்சுவது 0.6 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு.

இனி 5 சென்டிமீட்டர் நீளமும் 200 மைக்ரான் அகலமும் உள்ள ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் கட்டியின் தடைஎண் 1.59 மைக்ரோ ஓம்-செ.மீ. அச்சடித்துச் சுட்ட வெள்ளியில் நுண்ணிய ஓட்டைகளும் எரியாத பிசினும் இருக்கும் என்பதால் நான்கு மடங்கு, அதாவது 6.4 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் சுட்ட கோட்டுக்கு இது நியாயமான மதிப்பு. கணக்குப் போட்டால் கோட்டின் மின்தடை 27 ஓம் அளவில் வரும். சென்சாரிலிருந்து மைக்ரோ ஆம்பியர் அளவில் சிக்னல் எடுக்க இது தாராளம். 20 மில்லி ஆம்பியர் கேட்கும் எல்.இ.டி.க்கு இந்தக் கோட்டிலேயே அரை வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஆக, இங்க்ஜெட் மெல்லிய அடுக்கு வேலைக்கானது. அடுக்கின் மேல் அடுக்காக ஐந்தாறு முறை அச்சடித்துத் தடிமன் சேர்க்கலாம்தான். ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் அகலும், ஓரம் பிசிறும், நேரமும் போகும். மூன்று முறைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் முறையையே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

வெள்ளி நானோ மை

பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான தொடக்கம். வெள்ளி 962 டிகிரியில்தான் உருகும். ஆனால் சில பத்து நானோமீட்டர் அளவுக்குத் துகளைச் சிறிதாக்கினால், மேற்பரப்பில் இருக்கும் அணுக்களின் பங்கு பல மடங்கு கூடிவிடுகிறது. மேற்பரப்பு அணுக்களைப் பிடித்து வைக்க அக்கம்பக்கத்தில் ஆள் குறைவு, அதனால் அவை எளிதாக இடம் பெயரும். ஒன்றையொன்று தொடும் துகள்களுக்கு நடுவே கழுத்துப் போல ஒரு பாலம் வளர்கிறது. இதைத்தான் சின்டரிங் என்கிறோம். 150 முதல் 200 டிகிரிக்குள் முடிந்துவிடும் வேலை இது.

பாலம் வளர்வதற்குத் தடையாக இருப்பது துகளைச் சுற்றி நாமே பூசிய உறை. துகள்கள் மையிலேயே ஒட்டிக்கொண்டு பிரிண்டரின் முனையை அடைத்துவிடாமல் இருக்க, பாலிமராலோ அமீன் என்ற கரிமச் சேர்மத்தாலோ ஆன அந்த உறை அவசியம். கடத்த வேண்டும் என்றால் அது விலக வேண்டும். மையின் சுடும் வெப்பநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெள்ளியைவிட இந்த உறைதான். "குறைந்த வெப்பநிலை மை" என்று வருபவற்றில் உறை எளிதில் கழன்றுகொள்ளும் வகையில் இருக்கும். அதே காரணத்தால் அவை புட்டியில் வைத்திருக்கும்போதும் சீக்கிரம் கட்டிதட்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற முடியும்.

ஹாட்பிளேட்டில் இந்த மை மாறுவதை ஒருமுறையாவது பக்கத்திலிருந்து பாருங்கள். காய்ந்த கோடு முதலில் அடர்ந்த பழுப்பு. சூடேறும்போது ஒரு முனையிலிருந்து தேன் நிறத்துக்கு வரும், பிறகு செம்பு போல மினுங்கும், திடீரென்று வெளுத்து வெள்ளியாகும். அந்த நிறமாற்றம் கோடு முழுக்கச் சீராக ஓடினால் உங்கள் அச்சு நன்றாக வந்திருக்கிறது. நடுவில் பழுப்புத் திட்டு நின்றால் அங்கே அடுக்கு தடிமன், அடியில் கரைப்பான் சிக்கியிருக்கிறது.

துளி காயும்போது மை ஓரத்துக்கு ஓடி வளையமாகப் படிவது இன்னொரு தொல்லை. ஓரத்தில் ஆவியாதல் வேகம் அதிகம், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று 1997-ல் ஆய்வாளர் டீகனும் அவருடன் இருந்தவர்களும் விளக்கினார்கள். கோட்டின் இரு ஓரமும் மேடாகி நடு பள்ளமானால் காரணம் இதுதான். கொதிநிலை வேறுபட்ட இரண்டு கரைப்பான்களைக் கலந்த மை இதைப் பெருமளவு தணிக்கும். தாளை வைக்கும் மேடையின் சூட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் மறுபடி தலைதூக்கும்.

வெள்ளியின் பெரிய பலம், காற்றில் சுடலாம், பிறகு காற்றிலேயே விட்டுவைக்கலாம் என்பது. பலவீனம் இரண்டு. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டால் கருக்கும். அதைவிட மோசமானது இடப்பெயர்ச்சி: ஈரமும் நேர்மின்னழுத்தமும் சேர்ந்தால் நேர்முனையில் வெள்ளி அயனியாகக் கரைந்து, எதிர்முனையில் படிந்து, மரக்கிளை போல வளர்ந்து பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிடும். வியர்வை படும் சாதனத்தில் கோடுகளை நெருக்கமாக வைக்கிறீர்கள் என்றால் மேலே ஒரு காப்புப் பூச்சு கட்டாயம்.

துகளே இல்லாத வெள்ளி மை

இதில் வெள்ளி உப்பாகக் கரைந்தே இருக்கும். 2012-ல் வாக்கரும் லூயிஸும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டிய மை, வெள்ளி அசிட்டேட், அம்மோனியா, ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றால் ஆனது. அச்சடித்த பிறகு அம்மோனியா ஆவியாகிப் போகப் போக வெள்ளி பிரிந்து படியும். 90 டிகிரியில் சுட்டதும் வெள்ளிக் கட்டிக்குச் சமமான கடத்துத்திறன் கிடைத்ததாக அவர்கள் காட்டினார்கள். அன்றைக்கு என் பெட் தாளுக்கு இந்த வகை மைதான் சரியாக இருந்திருக்கும்.

துகள் இல்லாததால் கட்டிதட்டும் கவலை இல்லை. ஆனால் பிரிண்டரைச் சும்மா விட்டால் முனையிலேயே மை காய்ந்து, அங்கேயே வெள்ளி படிந்துவிடும். அச்சு முடிந்ததும் தலையைக் கழுவும் ஒழுங்கு உள்ளவர்களுக்கே இது சரிப்படும். உலோகத்தின் அளவு குறைவாக இருப்பதால் அடுக்கு இன்னும் மெல்லியதாக வரும், வாயு வெளியேறும் இடத்தில் ஊசித்துளைகளும் விழலாம். தடிமன் தேவையில்லாத, வெப்பம் தாங்காத தாள் என்றால் என் முதல் தேர்வு இதுவே.

சுடவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. நானோ துகளின் உறையை வெப்பத்துக்குப் பதிலாக வேதிப்பொருளால் கழற்றிவிடலாம். 2010-ல் மக்டாஸியின் குழு அறை வெப்பநிலையிலேயே இதைச் செய்துகாட்டியது. 2013-ல் கவஹாராவும் கூட்டாளிகளும் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளி மையை நிரப்பி, பூச்சுள்ள புகைப்படத் தாளில் சுற்றுகளை அச்சடித்ததும் சுடாத முறைதான். மாதிரி செய்து பார்க்கவும் மாணவர்களுக்குக் காட்டவும் இதற்கு இணை வேறு இல்லை. ஆனால் அந்தத் தாளின் பூச்சு இல்லாமல் அந்த மை வேலை செய்யாது. வேறு தாளுக்கு மாறினால் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும்.

தாமிரம்

தாமிரத்தின் தடைஎண் 1.68, வெள்ளியைவிட 6 சதவீதம்தான் அதிகம். பூமியில் தாராளமாகக் கிடைக்கும் உலோகம், இடப்பெயர்ச்சித் தொல்லையும் வெள்ளியைவிடக் குறைவு. தாளில் எழுதி ஒப்பிட்டால் தாமிரம்தான் ஜெயிக்கும்.

ஆனால் நானோ அளவில் தாமிரம் காற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஆக்சைடு ஆகத் தொடங்குகிறது, அந்த ஆக்சைடோ கடத்தாது. வெள்ளியைச் சுடுவது போல ஓவனில் வைத்தால் கோடு கறுத்துப்போய் வெளியே வரும். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, தாமிர ஃபார்மேட் சேர்மம் கலந்த மையை நைட்ரஜன் சூழலில் சுடுவது. அந்தச் சேர்மம் சிதையும்போது தானே தன்னை உலோகமாக மாற்றிக்கொள்ளும். மற்றொன்று செனான் ஃப்ளாஷ், அதாவது செனான் விளக்கின் ஒளிவீச்சு.

ஃப்ளாஷ் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கறுப்பான மைக்கோடு ஒளியை உறிஞ்சும், ஒளி ஊடுருவும் தாள் உறிஞ்சாது. மில்லி விநாடி அளவே நீடிக்கும் மிகப் பிரகாசமான ஒரு ஒளிவீச்சில், கோடு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறி, துகள்கள் இணைந்து, வெப்பம் தாளுக்குள் பரவி நீர்த்துப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆக்சைடு ஆகவும் நேரம் இல்லை. சில மைகளில் தாமிர ஆக்சைடையே துகளாகப் போட்டு, அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் பொருளையும் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒளிவீச்சின் சூட்டில் அது அங்கேயே தாமிரமாகும். இத்தனையும் பெட் தாளின் மேலேயே நடக்கும் என்பதுதான் இதன் அழகு. ஒரே எச்சரிக்கை: கோட்டில் கரைப்பான் மிச்சமிருந்தால் அது நொடியில் ஆவியாகி உலோகத்தைத் தாளிலிருந்து பிய்த்து எறிந்துவிடும். முதலில் மெல்லிய சூட்டில் நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் ஒளி.

ஃப்ளாஷ் கருவியோ நைட்ரஜன் அறையோ கையில் இல்லாதவர் தாமிர மை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மையில் மிச்சம் பிடித்ததெல்லாம் வீணான தாள்களிலும் நாட்களிலும் போய்விடும். கருவி இருக்கிறது, ஒரே வடிவத்தைத் தொடர்ந்து அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் தாமிரத்துக்கு மாறுவது நியாயம். அப்போதும் சுட்ட கோட்டுக்கு மேல் காப்புப் பூச்சு வேண்டும்.

பாலிமரும் கார்பனும்

பெடாட்:பி.எஸ்.எஸ். தண்ணீரில் பரவியிருக்கும் ஒரு கடத்தும் பாலிமர். முன்பு போட்ட அதே 5 சென்டிமீட்டர் கோட்டை இதில் அச்சடித்துப் பார்ப்போம். மையில் பாலிமர் 1 சதவீதம் என்றால் காய்ந்த அடுக்கு கால் மைக்ரான். கடத்துத்திறன் ஒரு சென்டிமீட்டருக்கு 500 சீமென்ஸ் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கோட்டின் மின்தடை 20 ஆயிரம் ஓம். வெள்ளியில் 27 ஓம். இந்த எண்களைப் பார்த்த பிறகும் இணைப்புக் கம்பியாக இதைப் பயன்படுத்த யாரும் நினைக்க மாட்டார்கள்.

அதற்கான இடம் வேறு. உடலில் ஒட்டும் மின்முனை, அயனிகளை உள்வாங்கி வேலை செய்யும் கரிம டிரான்சிஸ்டர், ஒளி ஊடுருவ வேண்டிய சிறிய பரப்பு ஆகியவற்றில் வெள்ளியால் செய்ய முடியாததை இது செய்யும். ஆய்வாளர் சிரிங்ஹாஸின் குழு 2000-ல் இங்க்ஜெட்டில் அச்சடித்த முழுப் பாலிமர் டிரான்சிஸ்டர்களில் மின்முனைகள் இதனால் ஆனவையே. தண்ணீர் விலக்கும் ஒரு நடுப்பட்டையைக் கண்ணாடியில் வைத்து மை இருபுறமும் ஒதுங்கும்படி செய்து 5 மைக்ரான் இடைவெளியைப் பிடித்தார்கள்.

ஒரு நல்ல பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீர் மை இங்க்ஜெட்டுக்கு ஆகாது. பாகுநிலை மிகக் குறைவு என்பதால் துளிக்குப் பின்னால் குட்டித் துளிகள் சிதறும். அதைத் தடுக்க எத்திலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். மை கெட்டியாகும், முனையில் காய்வதும் தாமதமாகும். அதே எத்திலீன் கிளைக்கால் காயும்போது பாலிமர் சங்கிலிகளைச் சீராக அடுக்கவைத்துக் கடத்துத்திறனைப் பல மடங்கு உயர்த்துகிறது. 120 டிகிரி அளவில் காயவைத்தால் போதும், வெப்பத்தில் பதப்படுத்திய பெட் தாளுக்கும் ஆபத்தில்லை. ஈரத்தை உறிஞ்சும், அமிலத்தன்மை உள்ளது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கக்கூடும்.

கார்பன், கிராஃபீன் மைகள் வேதி உணரிகளின் மின்முனைக்கு நல்லவை. இணைப்புக் கோடாக அல்ல.

இங்க்ஜெட்டே வேண்டாத இடம்

போனை அருகில் காட்டினால் தகவல் பரிமாறும் என்.எஃப்.சி. முறைக்கான, 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சுருளை அச்சடிக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், 500 மைக்ரான் அகலம் உள்ள சுருளை முன் சொன்ன 0.6 மைக்ரான் வெள்ளியில் போட்டால் மின்தடை 210 ஓம் தாண்டும். 2 மைக்ரோஹென்றி சுருளின் எதிர்வினைப்பே (மாறுமின்சாரத்துக்குச் சுருளின் தூண்டல் தரும் எதிர்ப்பு) அந்த அலைவெண்ணில் 170 ஓம்தான். அதாவது எதிர்வினைப்பை மின்தடையால் வகுத்தால் வரும் தரக்காரணி ஒன்றுக்கும் கீழே. சுருள் சுருளாகவே வேலை செய்யாது. 18 மைக்ரான் தாமிரத் தகட்டை அரித்தெடுத்த அதே சுருளில் நேர்மின் தடை 2 ஓம். இங்கே தகட்டை அரிப்பதோ, ஒரே முறையில் பத்து மைக்ரான் அளவில் போடக்கூடிய திரை அச்சோதான் வழி. நடுவழி ஒன்றும் உண்டு: மெல்லிய வெள்ளிக் கோட்டை விதையாக இங்க்ஜெட்டில் அச்சடித்து, அதன் மேல் வேதிக் குளியலில் தாமிரத்தை வளர்த்துக்கொள்வது. வடிவத்தை நினைத்தபோது மாற்றும் சுதந்திரமும் கிடைக்கும், தடிமனும் கிடைக்கும். அதிகம் பேசப்படாத இந்த வழிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

எனவே நீங்கள் கேட்டால்

பாலியிமைடு தாள், சென்சார் இணைப்பு, சாதாரண ஓவன் என்றால் வெள்ளி நானோ மை. வேறு யோசனை வேண்டாம். பெட் தாள், ஓவன் மட்டுமே உண்டு என்றால் துகளில்லா வெள்ளி. பெட் தாள், ஃப்ளாஷ் கருவி, எண்ணிக்கை அதிகம் என்றால் தாமிரம். தோலையோ கரைசலையோ தொடும் முனை என்றால் பாலிமர், அதற்கு வரும் இணைப்புக் கோடு வெள்ளி. சுருளோ மின்சாரம் அதிகம் ஓடும் கோடோ என்றால் இங்க்ஜெட்டில் விதை மட்டும்.

எதை எடுத்தாலும், முழுச் சுற்றை அச்சடிக்கும் முன் ஒரு சின்னத் துண்டில் கோடுகளைப் போட்டு நான்கு முனை முறையில் (இரண்டு முனையில் மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டில் மின்னழுத்தம் பார்த்து) தடையை அளந்து, பிறகு வளைத்து அளந்து பாருங்கள். வளைவின் இழுவை, அதாவது வளைக்கும்போது கோடு நீளும் விகிதம், தாளின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 125 மைக்ரான் தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 1.25 சதவீதம், 50 மைக்ரான் தாளில் அதுவே 0.5 சதவீதம். மையை மாற்றாமல், தாளை மட்டும் மெல்லியதாக்கியே கோட்டின் ஆயுளை நீட்டிவிடலாம். அதோடு கோட்டின் மேல் அதே தடிமனில் இன்னொரு தாளை ஒட்டிவிட்டால், உலோகம் சரியாக நடுவில் அமையும். நடுவில் இழுவையும் இல்லை, அழுத்தமும் இல்லை. ஈரமும் கந்தகமும் உள்ளே வரவும் வழி குறைந்துவிடும்.